சுவரில் இல்லாத ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஓர் ஆட்டு இருதயத்தை வாங்கி, குறுக்குவாட்டில் வெட்டித் தரச் சொன்னேன். பின்னால் அவ்வளவு பேர் நிற்கும்போது இந்த ஆளுக்கு என்ன கேடு என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டித் தந்தார். வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவே தடித்த சதைச் சுவர். சுண்டுவிரலால் இரண்டு பக்கமும் நெருடிப் பார்த்தேன். குழி இருக்கிறது, மேடு இருக்கிறது, துளை மட்டும் இல்லை. “பாய், இந்தச் சுவத்துல எங்கயாவது ஓட்டை தெரியுதா?” என்று கேட்டேன். சரக்கைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். “ஓட்டை இருந்தா நான் ஏன் சார் விக்கறேன்?” என்றார்.

கறிக்கடையில் அரை நிமிடத்தில் முடிந்த இந்த ஆராய்ச்சியை ஐரோப்பாவின் பெரிய பெரிய வைத்தியர்கள் முடிக்க ஏறக்குறைய 1400 ஆண்டு பிடித்தது. அவர்களும் இதே சுவரைப் பார்த்தவர்கள்தான், தடவியவர்கள்தான். ஓட்டை தட்டுப்படவில்லை. “இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை” என்று எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஏனென்றால் ஓட்டை உண்டு என்று சொன்னவர் கேலன்.

கேலன் கி.பி. 129 வாக்கில், இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமம் என்ற ஊரில் பிறந்த கிரேக்கர். மகனை வைத்தியம் படிக்க வைக்கும்படி தெய்வமே அப்பாவின் கனவில் வந்து சொன்னதாம். இப்படி ஒரு சிபாரிசுக் கடிதம் கையில் இருப்பவன் பிற்காலத்தில் அடுத்தவன் பேச்சைக் கேட்பான் என்று எதிர்பார்ப்பது நம் தப்பு. முதல் உத்தியோகம் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம். தொடையோ தோளோ பிளந்து ஆட்கள் வந்து படுப்பார்கள். தைப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து ரோம். அங்கே பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கே வைத்தியர் ஆனார்.

ரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அரங்கில் உயிரோடு இருப்பவனை வெட்டலாம், கைதட்டலும் கிடைக்கும். செத்தவனை வெட்டினால்தான் அபசாரம். ஆகவே கேலன் குரங்கு, பன்றி, ஆடு என்று அறுத்தார். உயிரோடு அறுப்பதற்குக் குரங்கைவிடப் பன்றி உத்தமம், அறுக்கும்போது குரங்கின் முகம் போகும் போக்கைப் பார்க்கச் சகிக்காது என்று சீடர்களுக்கு யோசனையும் சொன்னார். ரோமாபுரிப் பிரமுகர்களைக் கூட்டி உட்காரவைத்து, வீறிட்டுக் கத்தும் பன்றியின் கழுத்தில் ஒரு நரம்பைத் தேடிப் பிடித்து நறுக்குவார். பன்றி கத்தும், ஆனால் சத்தம் வராது. குரல் மூளையிலிருந்து வரும் நரம்பின் வேலை, இருதயத்தின் வேலை இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம். சபை வாயடைத்துப் போகும், பன்றியைப் போலவே.

ஆள் மூடன் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவருக்கு முன் அலெக்சாந்திரியாவின் எராசிஸ்திராத்தஸ் வகையறா, தமனிகளில் ஓடுவது காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிணத்தை அறுத்தால் தமனிகள் காலியாகத்தானே கிடக்கின்றன? கேலன் உயிருள்ள மிருகத்தின் தமனியை இரண்டு இடத்தில் நூலால் கட்டி, நடுவே கீறிக் காட்டினார். ரத்தம். காற்றுக் கட்சி அதோடு காலி.

அங்கேதான் வினை பிடித்தது. தமனியில் ரத்தம் இருக்கிறது என்று நிரூபித்தாயிற்று. அது அங்கே எப்படி வந்தது?

கேலனின் கணக்குப்படி ஈரல்தான் சமையற்கட்டு. தின்ற சோறு குடலில் கூழாகி ஈரலுக்குப் போய் ரத்தமாக வேகிறது. அங்கிருந்து சிரைகள் வழியே, தோட்டத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் பாய்வதுபோல், உடம்பெல்லாம் பாய்கிறது. பாய்ந்த ரத்தம் திரும்பி வராது. கடைமடைக்குப் போன தண்ணீர் மேட்டூருக்கா திரும்புகிறது? பயிர் குடித்துவிடும். மறுநாள் மறுபடி சோறு, மறுபடி ரத்தம். இதில் ஒரு பங்கு மட்டும் இருதயத்தின் வலது அறைக்கு வரும். அதை இடது அறைக்குக் கொண்டுபோனால்தான் மூச்சுக்காற்றின் சாரத்தோடு கலந்து, உயிர்ச்சத்து ஏறி, தமனிகளில் போக முடியும். நடுவே சுவர். சுவரில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதைக் கேலன் பார்த்திருந்தார். குழி என்று இருந்தால் அது எங்கேயோ போய் முடியத்தானே வேண்டும்? இயற்கை வீணாக எதையும் செய்வதில்லை என்பது அவர் நம்பிக்கை. போட்டார் ஓட்டையை. வியர்வை கசிவதுபோல் ரத்தம் வலதிலிருந்து இடதுக்குக் கசிகிறது என்றார். பிரச்சினை தீர்ந்தது.

எழுதிக் குவிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கி.பி. 192-ல் ரோமில் மூண்ட தீயில் அவர் ஏடுகள் நிறையச் சாம்பலாயின. மிச்சமிருப்பதே ஒரு நூலகத்துக்குக் காணும். அவ்வளவு எழுதியவர் தப்பாகவா எழுதியிருப்பார் என்று உலகம் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நம் வீடுகளிலும் தடித்த புத்தகத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

ஓட்டை இல்லை என்று முதலில் எழுத்தில் வைத்த மனிதர் ஐரோப்பாவிலேயே இல்லை. டமாஸ்கஸ் பக்கம் 1213-ல் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ். ஒருநாள் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து உடைமாற்றும் அறைக்கு வந்து, மையும் காகிதமும் கொண்டுவரச் சொல்லி, நாடித்துடிப்பைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்துவிட்டு, மறுபடி போய் மிச்சக் குளியலை முடித்தார் என்று அவருடைய சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். குளியலறையில் யோசனை வருவது நமக்கும் உண்டு. நாம் துடைத்துக்கொள்வதற்குள் அது போய்விடுகிறது.

1242-ல், வயது முப்பதை எட்டுவதற்குள், இப்னு சீனாவின் வைத்திய நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதினார். உரையாசிரியர் என்றால் மூல நூலுக்கு ஆமாம் போடுகிறவர் என்றுதானே பொருள். இவர் சுவர் வரும் இடத்தில் நின்றார். இந்தச் சுவர் கெட்டியானது. இதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, கேலன் சொல்லும் தெரியாத துளையும் இல்லை. வலது அறை ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்து, அங்கிருந்து இடது அறைக்கு வருகிறது. அவ்வளவுதான் என்று எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், மார்க்கமும் மனசில் உள்ள இரக்கமும் தன்னை அறுவைப் பக்கம் போகவிடவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அறுத்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஓட்டை தெரிந்தது. அறுக்கவில்லை என்றவருக்குத்தான் அது இல்லை என்று தெரிந்தது. இன்னொன்றும் சொன்னார்: நுரையீரலில் ரத்தக்குழாய் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும். அதாவது ஓட்டையை அவர் ஒழிக்கவில்லை, இடம் மாற்றினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உரை அப்படியே உறங்கப் போய்விட்டது. 1924-ல் ஜெர்மனியில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அல்-தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர் பெர்லின் நூலகத்தில் அந்தச் சுவடியைத் தூசி தட்டும்வரை நல்ல தூக்கம். கிட்டத்தட்ட 680 ஆண்டு.

இதற்கிடையே ஐரோப்பாவில் மனித உடலை அறுக்க அனுமதி கிடைத்திருந்தது. அனுமதி கிடைத்ததால் உண்மை வெளிவந்துவிடும் என்று நினைத்தால் உங்களுக்குப் பல்கலைக்கழகங்களைத் தெரியாது. பேராசிரியர் உயரமான பீடத்தில் உட்கார்ந்து லத்தீனில் கேலனை வாசிப்பார். கையில் ரத்தம் படுவது கௌரவக் குறைச்சல். கீழே ஒரு நாவிதர் அறுப்பார். அவருக்கு லத்தீன் தெரியாது. நடுவில் குச்சி வைத்துக்கொண்டு ஒருவர், வாசிக்கப்படும் உறுப்பைச் சுட்டிக் காட்டுவார். புத்தகத்தைப் படித்தவர் பிணத்தைப் பார்க்கவில்லை, பிணத்தைப் பார்த்தவர் புத்தகத்தைப் படிக்கவில்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், பிணம் சரியில்லை.

ஆண்ட்ரியாஸ் வெசேலியஸ் இந்த ஏற்பாட்டைச் சகிக்காத பிரஸ்ஸல்ஸ் வாலிபர். தூக்குமரத்தில் தொங்கிய எலும்புக்கூட்டைக் கழற்றி, துண்டு துண்டாக வீட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்தவர். பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனதும் நாவிதரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கத்தியை எடுத்தார். கேலன் மனிதனுக்கு இரண்டு கீழ்த்தாடை எலும்பு என்கிறார். எண்ணிப் பார்த்தால் ஒன்று. மூளைக்கு அடியில் ஓர் ‘அற்புத வலை’ இருக்கிறது, உயிர்ச்சத்து அங்கேதான் வடிகட்டப்படுகிறது என்கிறார். மனிதனில் அப்படி ஒன்று இல்லை, மாட்டிலும் ஆட்டிலும் உண்டு. ஆரம்பத்தில் வெசேலியஸே வகுப்பில் மானம் போகாமலிருக்க, மனிதத் தலையை அறுக்கும்போது பக்கத்தில் ஓர் ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ தயாராக வைத்துக்கொள்வாராம். வலை வரும் இடம் வந்ததும் இதைக் காட்டிவிடுவது. பின்னால் வெட்கத்தோடு தானே அதை எழுதியிருக்கிறார். இப்படி வெட்கப்பட்ட பேராசிரியர்கள் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

1543-ல் அவர் வெளியிட்ட பிரம்மாண்டமான உடற்கூற்று நூல் கேலனின் தப்புகளை வரிசையாக எடுத்து வைத்தது. பாரிஸில் அவருடைய பழைய வாத்தியார் சில்வியஸுக்குப் பொறுக்கவில்லை. வெசேலியஸ் என்ற பெயரை லேசாகத் திரித்து, லத்தீனில் ‘பைத்தியக்காரன்’ என்று பொருள் வரும்படி அழைக்க ஆரம்பித்தார். கேலன் சொன்னபடி மனிதத் தொடையெலும்பு வளைந்திருக்கவில்லையே என்று கேட்டபோது வாத்தியார் தந்த விளக்கம் இன்றுவரை யாராலும் மிஞ்சப்படவில்லை. கேலன் காலத்தில் வளைந்துதான் இருந்தது, இந்தக் காலத்துப் பையன்கள் இறுக்கமான கால்சட்டை போட்டுப் போட்டு நிமிர்ந்துவிட்டது என்றாராம். 16-ஆம் நூற்றாண்டிலேயே எல்லாத் தப்புக்கும் இளைஞர்களின் பேண்ட்தான் காரணம்.

இத்தனை துணிச்சல்காரர் நம் சுவருக்கு வந்தபோது என்ன செய்தார்? 1543 பதிப்பில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ரத்தத்தைக் கசிய வைக்கும் இறைவனின் கைத்திறனை எண்ணி வியந்தார். எழுதும்போது ஒரு கண்ணைச் சிமிட்டியிருப்பார் என்பது என் ஊகம். 1555-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான், இந்தச் சுவரைத் தாண்டி ஒரு சொட்டாவது எப்படிப் போகும் என்று எனக்குப் புரியவில்லை என்ற அளவுக்குத் தைரியம் வந்தது. ஒரு சந்தேகத்தை அச்சில் ஏற்றப் பன்னிரண்டு ஆண்டு.

நடுவில் ஒருவர் அவ்வளவு பொறுமையாக இல்லை. மிகேல் செர்வீட்டஸ், ஸ்பெயின்காரர், வைத்தியர், அதைவிட முக்கியமாக சமயச் சண்டைக்காரர். உயிர் ரத்தத்தில் இருக்கிறது என்று வேதம் சொல்கிறது. அப்படியானால் ரத்தம் போகும் வழியைக் கண்டுபிடித்தால் ஆன்மா போகும் வழி கிடைத்துவிடும் என்று கிளம்பினார். ரத்தம் சுவரைத் தாண்டவில்லை, நுரையீரலைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்ற சரியான விடையோடு திரும்பினார். அதை ஒரு வைத்திய நூலில் போட்டிருக்கலாம். 1553-ல் திரித்துவக் கொள்கையைத் தாக்கி ரகசியமாக அச்சிட்ட புத்தகத்தில், இறையியலுக்கு நடுவே செருகினார். பிரான்சில் கத்தோலிக்கர்கள் பிடித்துப் போட்டார்கள். தோட்டத்துக்குப் போய்வர சாவி வாங்கி, கூரை வழியாகத் தப்பினார். ஐரோப்பா முழுக்க ஓட இடமிருக்க, தன்னைக் கண்டாலே ஆகாத சீர்திருத்த மதத்தலைவர் ஜான் கால்வினின் ஜெனீவாவுக்குப் போனார். போனவர் சத்திரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கால்வினின் பிரசங்கம் கேட்கப் போய் உட்கார்ந்தார். அடையாளம் கண்டுவிட்டார்கள். 1553 அக்டோபர் 27-ல் கொளுத்தினார்கள். பிரான்சில் ஆள் கிடைக்காத கோபத்தில் அவர் கொடும்பாவியை முன்பே எரித்திருந்தார்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் அந்த நூற்றாண்டில் ஒன்றுபட்டுச் செய்த காரியங்கள் சொற்பம். இது அதில் ஒன்று. புத்தகத்தின் ஆயிரம் பிரதிகளில் மிஞ்சியவை மூன்று.

பதுவாவில் வெசேலியஸின் நாற்காலிக்கு வந்த கொலம்போவும் 1559-ல் வெளியான நூலில் இதே நுரையீரல் வழியைச் சொன்னார். வைத்தியப் புத்தகத்திலேயே சொன்னதால் யாரும் எரிக்கவில்லை.

அதே பதுவாவில் அடுத்த பெரிய தலை ஃபாப்ரிசியஸ். 1595 வாக்கில் அவருக்காக ஓர் அரங்கு கட்டினார்கள், கிணறு மாதிரி. அடியில் மேசை, மேலே ஆறு அடுக்கு நீள்வட்ட வரிசைகளில் மாணவர்கள் நின்றபடி குனிந்து பார்க்க, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுவை நடக்கும். சிரைகளுக்கு உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதை ஃபாப்ரிசியஸ் கண்டு, 1603-ல் அழகான படங்களோடு ஒரு நூலும் போட்டார். கதவுகள் எல்லாம் இருதயத்தின் பக்கமாக மட்டுமே திறக்கின்றன. கை கால் பக்கம் தள்ளினால் சாத்திக்கொள்கின்றன. இதைப் பார்த்தவுடன் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான். ஃபாப்ரிசியஸ் கேலனின் வாய்க்காலிலேயே நின்றுகொண்டிருந்தார். ரத்தம் ஈரலிலிருந்து வேகமாகப் பாய்ந்து கை காலில் தேங்கி வீங்கிவிடாமல் தடுக்கும் மதகுகள் என்றார். ஒருவழிப் பாதைப் பலகையைப் பார்த்துவிட்டு, வேகத்தடை என்று நினைத்து, எதிர்த் திசையில் மெதுவாக வண்டி ஓட்டுவது போல.

அந்த மெழுகுவத்தி அரங்கில் குனிந்து பார்த்த மாணவர்களில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குள்ளப் பையன் இருந்தான். பெயர் வில்லியம் ஹார்வி. 1578 ஏப்ரல் 1-ல் பிறந்தவன். தேதி அவன் குற்றமில்லை.

1602-ல் பட்டம் வாங்கி லண்டன் திரும்பியவருக்கு இனி மரியாதைப் பன்மை. ஹார்வியைப் பற்றி ஜான் ஆப்ரி என்ற வம்பு எழுத்தாளர் விட்டுப்போன குறிப்புகள் இல்லாவிட்டால் அவரும் வெறும் சிலையாகத்தான் இருந்திருப்பார். மிகக் குள்ளம், கருமையான சின்னக் கண்கள், முன்கோபம். இளமையில் இடுப்பில் குத்துவாள். சிறு பேச்சுக்கெல்லாம் அதை உருவக் கை போகும். லண்டனில் காபிக் கடைகள் வருமுன்பே தம்பி எலியாபும் அவரும் காபிக்கு அடிமை. மனிதன் என்பவன் குறும்பு செய்யும் பெரிய குரங்கு, வேறொன்றுமில்லை என்பது அவர் கட்சி. கீல்வாதம் வந்தால் உறைபனியில் மாடியில் உட்கார்ந்து காலை வாளித் தண்ணீரில் முக்கி, விறைத்துச் சாகப் போகும் தறுவாயில் அடுப்பங்கரைக்கு ஓடுவார். மனைவி ஆசையாக வளர்த்த கிளி செத்தபோது அதையும் அறுத்தார். வீடே ஆண் கிளி என்று நினைத்திருந்தது. வயிற்றில் முட்டை.

துடிக்கும் இருதயத்தைப் பார்ப்பதே முதல் தொல்லை. மிருகத்தைத் திறந்தால் அது துடிக்கும் வேகத்தில் எது சுருங்குகிறது, எது விரிகிறது என்றே தெரியவில்லை; இதன் சூட்சுமம் கடவுளுக்கு மட்டுமே தெரியும் போலும் என்று ஒரு கட்டத்தில் அவரே அலுத்துக்கொண்டிருக்கிறார். பிறகு தவளை, விலாங்கு, நத்தை என்று குளிர் ரத்தப் பிராணிகளிடம் போனார். அவற்றுக்கு அவசரம் கிடையாது. சாகும் தறுவாயில் இருக்கும் இருதயம் இன்னும் நிதானம். அப்போதுதான் தெரிந்தது, இருதயம் விரிந்து ரத்தத்தை உறிஞ்சுவதில்லை, சுருங்கி வெளியே தள்ளுகிறது. முஷ்டியை மடக்குவதுதான் அதன் தொழில்.

அடுத்து அவர் செய்தது கேலன் முதல் ஃபாப்ரிசியஸ் வரை ஒருவரும் செய்யாத காரியம். பெருக்கல். ஒரு பிணத்தின் இடது அறை இரண்டு அவுன்ஸுக்கு மேல் பிடித்தது. ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ்தான் வெளியே போகிறது என்று வையுங்கள். அரை மணியில் ஆயிரம் துடிப்பு என்று வையுங்கள். சண்டை வந்தால் யாரும் மறுக்க முடியாதபடி எல்லாவற்றையும் குறைத்தே வைத்தார்; உண்மையில் நமக்கு அரை மணியில் இரண்டாயிரம் துடிப்பு ஆகும். அப்படிக் குறைத்தும் அரை மணிக்கு 500 அவுன்ஸ், சுமார் 15 கிலோ. நாளுக்கு 700 கிலோவைத் தாண்டும். இவ்வளவையும் ஈரல் புதிதாக வேகவைக்க வேண்டும் என்றால் அந்த மனிதன் தினம் ஒரு மாட்டுத் தொழுவத்தைத் தின்ன வேண்டும். உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர் சுமார். இன்றைய அளவீட்டில் ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், ஒரு நாளுக்கு ஏழாயிரம் லிட்டர். அதே ஐந்து லிட்டர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வேறு வழியே இல்லை.

கயிற்றுச் சோதனை இதைவிட அழகு. மேல்கையில் துணிக்கட்டை மிக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்று கை வெளுத்துச் சில்லிடும். ஆழத்தில் ஓடும் தமனி அடைபட்டுவிட்டது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் தமனி திறந்து ரத்தம் உள்ளே வரும். மேலோட்டமாக ஓடும் சிரை இன்னும் அடைபட்டே இருப்பதால் திரும்பிப் போக முடியாமல் கட்டுக்குக் கீழே கை சிவந்து வீங்கும். சிரைகள் புடைத்து, கதவு இருக்கும் இடமெல்லாம் முடிச்சுப் போலத் தெரியும். அந்தச் சிரையை விரலால் விரல்நுனிப் பக்கம் தள்ளிப் பாருங்கள், கதவு சாத்திக்கொள்ளும். வாத்தியார் ஃபாப்ரிசியஸின் கதவுகள்தான் தனக்கு இந்த யோசனையைத் தந்தன என்று ஹார்வி வயதான காலத்தில் ராபர்ட் பாயிலிடம் சொன்னார். வாத்தியார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அது காது குடையும் குச்சி என்று சொல்லியிருந்தார்.

இதில் எனக்கு அடங்காத சிரிப்பு ஒன்று உண்டு. ரத்தம் எடுக்கும் நாவிதர்கள் நூற்றாண்டுக் கணக்காக இதே கட்டைத்தான் கட்டி வந்தார்கள். முழங்கைக்கு மேலே கட்டு, கட்டுக்குக் கீழே கீறல், ரத்தம் பீச்சியடிக்கும். கேலன் சொன்னபடி ரத்தம் ஈரலிலிருந்து சிரை வழியாகக் கைக்கு இறங்குகிறது என்றால், மேலே கட்டியதும் கீழே வறண்டல்லவா போக வேண்டும்? ஐரோப்பாவின் ஒவ்வொரு சவரக் கடையிலும் தினந்தோறும் கேலன் தோற்றுக்கொண்டிருந்தார். கிண்ணத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற வைத்தியர், கேலன் சொன்ன அளவுக்கு எடுத்தாயிற்றா என்று மட்டும் பார்த்தார்.

1616 முதல் லண்டனில் பாடம் நடத்தி வந்தும், புத்தகம் 1628-ல்தான், அதுவும் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில். 72 பக்கம், மட்டமான காகிதம், அச்சுப்பிழைகளுக்குப் பஞ்சமில்லை. உலகத்தைப் புரட்டிப் போட்ட புத்தகத்துக்குப் பிழை திருத்த ஆள் கிடைக்கவில்லை. முகப்பில் முதலாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பணம்: உடலுக்கு இருதயம் எப்படியோ, நாட்டுக்கு அரசர் அப்படி. அவர் சொந்தக் கணக்குப்படி இருதயம் ஒரு நொடி ஓய்ந்தாலும் உடம்பு தீர்ந்தது. 1649-ல் இங்கிலாந்து தன் மன்னரின் தலையை வாங்கிவிட்டு, பிறகும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. உவமைகள் பரிசோதனைக்கு நிற்பதில்லை.

ஆனால் அந்த மன்னரைக் குறை சொல்ல மாட்டேன். அரண்மனைத் தோட்டத்து மான்களை அறுத்துக்கொள்ளக் கொடுத்தவர். சின்ன வயதில் அடிபட்டு மார்பில் ஆறாத துவாரத்தோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அயர்லாந்துப் பிரபுவின் மகனை ஹார்வி கூட்டிவந்தபோது, துவாரத்துக்குள் விரல் விட்டுத் துடிக்கும் இருதயத்தைத் தொட்டவர். தொட்டது அந்தப் பிள்ளைக்கு உறைக்கவே இல்லை. காதலர்கள் காலங்காலமாக எதையெல்லாம் அந்த உறுப்பின்மேல் சுமத்தினார்களோ, அதற்குத் தொடு உணர்ச்சிகூடக் கிடையாது என்பதை அரசரும் வைத்தியரும் விரல்விட்டு உறுதி செய்தார்கள்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது ஹார்வி அரசரோடு போனார். 1642 அக்டோபர் 23, எட்ஜ்ஹில் போர்க்களம். இளவரசர்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவரிடம். பன்னிரண்டும் ஒன்பதும் வயதான பிள்ளைகளோடு வேலியோரம் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தார். பீரங்கிக் குண்டு ஒன்று அருகில் வந்து விழுந்தது. எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

புத்தகம் வந்ததும் நோயாளிகள் குறைந்துபோனார்கள். டாக்டருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு. வெனிஸ் நகர வைத்தியர் பாரிசானோ, இருதயம் துடிக்கும் சத்தம் கேட்கிறதாமே, எங்கள் வெனிஸில் எங்களுக்குக் கேட்பதில்லை, லண்டனில் மட்டும் கேட்கிறது போலும் என்று நக்கல் செய்தார். தன் நெஞ்சில் தானே கை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஜேம்ஸ் பிரிம்ரோஸ் என்பவரின் வாதம், ரத்தம் சுற்றுவது தெரியாமலேயே பழைய வைத்தியர்கள் நோயைக் குணப்படுத்தினார்களே என்பது. பாரிஸில் கீ பத்தேன் கூட்டம், ஹார்வி கட்சியினரை ‘சர்க்குலேட்டர்’ என்று அழைத்தது. லத்தீனில் அதற்குச் சந்தைகளில் சுற்றித் திரியும் போலி வைத்தியன் என்று அர்த்தம். அதைச் சொன்ன பத்தேனோ சளி பிடித்தால் தன் கையைத் தானே நீட்டித் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துக்கொள்பவர், மனைவி மகனையும் விட்டுவைக்காதவர். நியாயமாகச் சொன்னால் ஹார்வியும் ரத்தம் எடுப்பதைக் கடைசிவரை நிறுத்தவில்லை. சுற்றிவருவது உண்மைதான், அதற்காகத் தொழிலை விடுவதா? 1673-லும் மோலியேரின் நாடகத்தில் ஓர் அசட்டு இளம் வைத்தியன், ரத்த ஓட்டக்காரர்களை எதிர்த்துத் தான் எழுதிய ஆய்வுரையைப் பெண் பார்க்கப் போன இடத்தில் பரிசாக நீட்டுகிறான். பாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தது.

இந்த எதிரிகளில் ஒருவராவது சரியான இடத்தில் குத்தியிருக்கலாம். தமனி வழியாகப் போகிற ரத்தம் சிரைக்குள் எப்படி வருகிறது? கை விரல் நுனியில் தமனி முடிகிறது. சிரை தொடங்குகிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தை ஹார்வி ஆயுள் முழுக்கத் தேடியும் பார்க்கவில்லை. ஆகவே சதையில் நுண்ணிய துளைகள் இருக்க வேண்டும், அவற்றின் வழியே ரத்தம் கசிந்து போகிறது என்று எழுதினார்.

ஆமாம், ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. கேலனின் சுவரிலிருந்த ஓட்டையை யாரும் பார்த்ததில்லையே என்று ஊரைக் கூட்டியவர், உடம்பு முழுக்கக் கணக்கில்லாத ஓட்டைகளைப் போட்டுவிட்டு 1657 ஜூன் 3-ல் பக்கவாதத்தில் பேச்சிழந்து போய்ச் சேர்ந்தார். கேலன் கேட்டிருந்தால் குதித்திருப்பார். வித்தியாசம் பெருக்கலில் இருந்தது. கேலனுக்கு ஓட்டை இருந்தால் நன்றாக இருக்கும். ஹார்விக்கு அது இருந்தே தீரவேண்டும்.

புத்தகம் வந்த அதே 1628-ல் இத்தாலியில் பொலோன்யா பக்கத்துக் கிராமம் ஒன்றில் மார்செல்லோ மால்பிகி பிறந்திருந்தார். ஹார்வி செத்த நாலாம் ஆண்டு, 1661-ல், அந்த ஆள் ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். தவளை நுரையீரல் கண்ணாடி மாதிரி. ஊதி உலர்த்தினால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். ரத்தம் எங்கேயும் கசியவில்லை, சிந்தவில்லை. தமனி கிளைத்து, கிளை கிளைத்து, மயிரினும் மெல்லிய குழாய்களின் வலையாகி, அந்த வலையே மறுபுறம் கூடிச் சிரையாகிப் போகிறது. தந்துகி என்று பாடப்புத்தகத்தில் படித்து மறந்தோமே, அது. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் வரிசைபோல் மட்டுமே போகக்கூடிய அகலம். பைசாவிலிருந்த நண்பர் பொரெல்லிக்கு மால்பிகி கடிதம் எழுதினார். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் தவளை இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டேன் என்று அதில் ஒப்புக்கொள்கிறார்.

தவளைகள் தரப்பில் யாரும் புத்தகம் எழுதவில்லை.